தயிர் வாளியும் பெயின்ட் வாளியும்

மதுரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாம்பரத்தில் நல்ல வாடகை வீடு அமைந்ததும், மகளுக்கு வங்கி வேலை உறுதியானதும் அறிந்து மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். இவருக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் வலி கூடிவிடுகிறது.

அலமாரி போதாததால் மூடி போட்ட பெரிய டப்பாக்களைக் கடையில் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. கல்யாண மண்டபங்களுக்குத் தயிர் 5 கிலோ, 10 கிலோ வாளிகளில்தான் வந்து இறங்குகிறது. பந்தி முடிந்ததும் அவை சமையற்கட்டின் பின்புறம் குவிந்து கிடக்கும். சமையல் காண்ட்ராக்டரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் சும்மாவோ சொற்ப விலைக்கோ கொடுத்துவிடுவார். முகூர்த்த நாள் பார்த்துப் போ. ஆடியிலும் மார்கழியிலும் போய்ப் பயனில்லை. பேக்கரிகளில் ஜாமும் கிரீமும் வரும் வாளிகளும் நல்லவையே. ஆனால் மூடியைக் கத்தியால் கிழித்துத் திறந்த வாளி வேண்டாம். விளிம்பு சிதைந்துவிட்டால் எறும்புக்கும் வண்டுக்கும் அதுவே வாசல்.

ஒரு வாளியைக் கையில் எடுத்ததும் நான் முதலில் கேட்பது, அதில் முன்பு என்ன இருந்தது என்பதைத்தான். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்லும். கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருந்தால் உணவுக்கென்று செய்தது என்று பொருள். பெயின்ட் வாளி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும், அரிசி பருப்புக்கு அது ஆகவே ஆகாது. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பெயின்டில் சேர்க்கும் மருந்துகளைப் பிளாஸ்டிக் கொஞ்சம் உள்ளிழுத்து வைத்திருக்கும். பழைய சாமான் கடையில் அடையாளம் தெரியாமல் கிடக்கும் வாளிக்கும் இதே விதிதான்.

தயிர் வாடை போக, சோப்புப் போட்டுக் கழுவியபின் சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரை இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் வெயிலில் கவிழ்த்துவை. பிறகும் வாடை இருந்தால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து இரண்டு நாள் மூடிவை. ஊறுகாய் வாளியின் வாடை மட்டும் எதற்கும் அசையாது. அதைச் சோப்புத் தூளுக்கு ஒதுக்கிவிடலாம்.

10 லிட்டர் வாளியில் ஏறக்குறைய 8 கிலோ அரிசி பிடிக்கும். ஆகவே 25 கிலோ சிப்பத்துக்கு மூன்று வாளி போதும்; மிஞ்சும் ஒரு கிலோவை முதலில் உலையில் போட்டுவிடு. வாளியில் ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. காய்ந்த வேப்பிலையோ சில வர மிளகாயோ போட்டு மூடினால் வண்டு எளிதில் அண்டாது. ஒன்றைத் தீர்த்த பிறகே அடுத்ததைத் திற.

பெயின்ட் வாளிகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடு. அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டில் நான்கு துளை போட்டால் கத்தரியும் மிளகாயும் செழித்து வரும். வெயிலில் காய்ந்து சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். உடைந்து மண்ணோடு கலக்கும் முன்பே அகற்றிவிட வேண்டும். லாரித் தண்ணீர் பிடித்துவைக்க வாளி வைத்தால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரை நன்றாகத் தேய்த்துவிடு. டெங்குக் கொசுவின் முட்டை நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெறுமனே கொட்டிக் கவிழ்ப்பது போதாது.

அடுத்த மாதம் என் கொழுந்தனார் சென்னை வருகிறார். வாளிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும் என்பதால் ரயிலில் எடுத்துவருவதில் சிரமம் இல்லை. சமையல் மேடைக்கு அடியில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்து, எத்தனை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது. அதற்குள் நான் காண்ட்ராக்டரிடம் சொல்லி வைக்கிறேன்.

உன் அன்புத் தோழி