வீட்டுக் கணக்கிலிருந்து நோட்டுக் கணக்குக்கு வழி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழித்தலும் வகுத்தலும் வரவில்லை என்ற செய்தி ஏதாவது ஒரு கணக்கெடுப்பை ஒட்டி அடிக்கடி வருகிறது. உடனே ஒரு பக்கம் ஆசிரியர்களைத் திட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் செல்போனைத் திட்டுகிறார்கள். வகுப்பறையில் பெரிய திரை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளோடு மாலை நேரங்களில் உட்காருகிறவள் என்ற முறையில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் கணிதம் படித்தவள். 2021-ல், கொரோனாவால் பள்ளி இழந்த பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். அப்போது பழகியது, இன்றும் மாலையானால் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருத்தியின் அம்மா மீன் விற்கிறார். ஒருவனுடைய அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பூக்கட்டும் வீட்டுப் பிள்ளை உண்டு, இஸ்திரி வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை உண்டு, பீகாரிலிருந்து வந்து பானிபூரி விற்பவரின் பையனும் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கணக்கைக் கண்ணால் பார்த்து வளர்கிறார்கள். அது என்ன கணக்கு என்று பள்ளி முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து நோட்டுக் கணக்குக்கு ஆசிரியர் வழி போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்பதோடு நிறுத்திவிட்டால் பயனில்லை, அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மீன் விற்கும் அம்மாவின் மகள் நான்காம் வகுப்பு. 500-லிருந்து 375-ஐக் கழி என்று நோட்டில் போட்டுக் கொடுத்தால் 275 என்று எழுதுவாள். எப்படி வந்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றின் இடத்தில் 0, கீழே 5. பெரியதிலிருந்து சிறியதை எடுத்து 5 என்று போட்டிருக்கிறாள். பத்தின் இடத்திலும் அப்படியே 7. நூறின் இடத்தில் ஐந்தில் மூன்று போக 2. கவனக்குறைவு என்று இதைச் சொல்லவே முடியாது. மூன்று இடத்திலும் ஒரே விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள், அந்த விதிதான் தப்பு. அவளிடமே, "375 ரூபாய்க்கு மீன் வாங்கிட்டு ஒருத்தர் 500 ரூபாய் நோட்டு தர்றாரு, மீதி எவ்வளவு கொடுப்பே?" என்று கேட்டேன். "நானூறுக்கு இருபத்தஞ்சு, அப்புறம் ஒரு நூறு. நூத்தி இருபத்தஞ்சு, மிஸ்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

இத்தனை தெரிந்த பிள்ளையைத்தான் கழித்தல் தெரியாதவள் என்று கணக்கில் சேர்க்கிறோம்.

ஆனால் "பார், உனக்குத் தெரியுமே" என்று தட்டிக்கொடுத்து விட்டுவிட்டால் நாளைக்கும் நோட்டில் 275 என்றுதான் எழுதுவாள். அதனால் காகிதத்தில் ரூபாய் நோட்டுகள் வெட்டிக்கொண்டோம். ஐந்து நூறு ரூபாய் நோட்டில் ஒன்றைப் பத்து பத்து ரூபாயாக மாற்றினோம். அந்தப் பத்தில் ஒன்றை ஒரு ரூபாய்க் காசுகளாக மாற்றினோம். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒரு ரூபாய். அதிலிருந்து மூன்று நூறு, ஏழு பத்து, ஐந்து ஒரு ரூபாயை எடுத்து வைக்கச் சொன்னேன். மிச்சம் 125. அதன் பிறகு நோட்டைத் திறந்து, 5-ஐ அடித்து 4 என்றும், பத்தின் இடத்தில் 9 என்றும், ஒன்றின் இடத்தில் 10 என்றும் எழுதினோம். மேலே அடித்துத் திருத்தி எழுதுகிற அந்தச் சின்ன எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பள்ளிகளில் இதை "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சில்லறை மாற்றுவது என்று சொல்லிப் பாருங்கள். அவள் அம்மா தினமும் பக்கத்துக் கடையில் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

இதேபோன்ற கழித்தல் கணக்குக்கு ஒரு பையன் தேர்வுத்தாளின் ஓரத்தில் 25 + 100 என்று எழுதி, சரியான விடையையும் போட்டிருந்தான். முறைப்படி செய்யவில்லை என்று சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், பல இடங்களில் நடப்பதுதான். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை. மேலே கூட்டிக்கொண்டு போய் மீதியைக் கண்டுபிடிப்பதும் கழித்தல்தான். நம் ஊர் மளிகைக் கடைக்காரர்கள் காலங்காலமாக அப்படித்தான் மீதி எண்ணிக் கொடுத்தார்கள்.

இது வியாசர்பாடியில் மட்டும் நடப்பது கிடையாது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில், தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1985-ல் வெளிவந்தது. வாங்க வந்தவர்போல நின்று கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதேபோன்ற கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 மட்டுமே சரி. ஐந்து பிள்ளைகள்தானே என்று சொல்லலாம். 2025-ல் நேச்சர் அறிவியல் இதழில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் எழுதிய ஆய்வு, டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. விற்பனைக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தடுமாறினார்கள். வியாபாரம் பழகாத பள்ளிப் பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தேவலாம், சந்தைக் கணக்கில் அவர்கள் தடுமாறினார்கள். ஒரு பக்கம் இருக்கும் அறிவு மறுபக்கத்துக்குத் தானாகப் போய்ச் சேராது என்பதுதான் இதில் நான் எடுத்துக்கொண்டது. அதைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆசிரியர் வேண்டும். பிள்ளைகள் கடையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. அவர்கள் பள்ளியில்தான் இருக்க வேண்டும். வரும்போது கொண்டுவருகிற அறிவைப் பள்ளி வாசலில் இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

வகுத்தலுக்கு வருகிறேன். என் தொழில் அதில்தான் இருக்கிறது. ரவிக்கை வெட்டும்போது மார்புச் சுற்றளவை நான்காகப் பிரித்துத்தான் துணியில் குறிப்போம். 36 அங்குலம் என்றால் ஒன்பது. 38 என்றால்? பிள்ளைகள் "ஒன்பது, மீதி 2" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சரி, அந்த மீதி 2 அங்குலத்தை எங்கே வைப்பது, தூக்கிப்போட்டால் ரவிக்கை இறுகிவிடுமே என்று கேட்டேன். டேப்பைக் கையில் கொடுத்தேன். பழைய செய்தித்தாளில் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி நான்காக மடித்தார்கள். ஒரு மடிப்பு அரை அங்குலம். ஆக ஒன்பதரை. 37 என்றால் ஒன்பதேகால், 39 என்றால் ஒன்பதே முக்கால் என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் ஒரு பெண் "மிஸ், 35?" என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் "எட்டே முக்கால்" என்றாள். பின்னம் என்றால் வட்டம் போட்டுக் கால்பங்குக்கு வண்ணம் தீட்டுவது என்று மட்டும் பழகியிருந்த பிள்ளைகள் இவர்கள்.

அப்புறம் பானிபூரி. அந்தப் பையனுக்குத் தமிழ் இப்போதுதான் வருகிறது, வகுப்பில் வாயே திறப்பதில்லை என்பார்கள். ஆறாம் வாய்ப்பாடு மட்டும் தண்ணீர்பட்ட பாடு, ஏனென்றால் அவன் அப்பா தட்டுக்கு ஆறு பூரி வைக்கிறார். 50 பூரி இருந்தால் எத்தனை தட்டு என்று கேட்டேன். "எட்டு. ரெண்டு மிச்சம்" என்றான். அந்த இரண்டைத் துணிபோல வெட்டிப் பங்கு போட்டால் என்ன என்று வேறொரு பிள்ளை கேட்டது. பூரியை உடைத்தால் யார் வாங்குவார்கள் என்று இவன் திருப்பிக் கேட்டான். அங்கிருந்து ஆட்டோவுக்குப் போனோம். ஓர் ஆட்டோவில் மூன்று பேர், நாம் பத்துப் பேர், எத்தனை ஆட்டோ வேண்டும்? "மூணு, மீதி ஒண்ணு" என்று ஒருவன் சொல்ல, "அந்த ஒருத்தன் நடந்து வருவானா?" என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான்கு ஆட்டோ. மீதியைத் துணியில் பங்கிட வேண்டும், பூரியில் அப்படியே ஒதுக்க வேண்டும், ஆட்டோவில் அதற்காக இன்னொரு வண்டி கூப்பிட வேண்டும். விடை என்பது எதை வகுக்கிறோம் என்பதைப் பார்த்து எழுத வேண்டியது என்று பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டே கண்டுபிடித்தார்கள். வாய் திறக்காத பிள்ளை என்று பெயர் வாங்கியவன்தான் அன்றைக்கு அதிகம் பேசினான்.

பண்பாட்டோடு சேர்த்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்றதும் பலர் கோலத்தைத்தான் நினைக்கிறார்கள். எனக்கும் கோலம் பிடிக்கும். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. அதையே சாய்த்துப் பார்த்தால் நான்கு புள்ளி வரிசைகள் நான்கும், அவற்றுக்கு இடையே மூன்று புள்ளி வரிசைகள் மூன்றும் தெரியும். 16-ம் 9-ம் சேர்ந்து 25. இதைக் கண்டதும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி போன்றோர் 1970-களிலேயே கோலங்களை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆனால் என் அறைக்கு வரும் பிள்ளைகளில் வாசலில் கோலம் போடாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வாசலே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோலம் மட்டும்தான் நம் பண்பாடு என்றால் அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு வெளியாட்கள் ஆகிவிடுவார்கள். பல்லாங்குழியும் தாயமும் அப்படித்தான். தெரிந்தவர்கள் விளையாடலாம், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். கணக்குப் பாடத்தின் பண்பாட்டுப் பங்கு அதோடு முடிந்துபோகக் கூடாது.

டிசம்பர் 22 வந்தால் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டுப் பேச்சுப்போட்டி வைக்கிறோம். நல்லது. ராயபுரத்தில் 1993-ல் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைத்த பி.கே.சீனிவாசன் ஒரு கணித ஆசிரியர். கையில் கிடைக்கிற காகிதத்தையும் நாட்காட்டியையும் வைத்தே பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தவர். வடசென்னையிலேயே நமக்கு இப்படியொரு முன்னோடி இருந்திருக்கிறார். பேச்சுப்போட்டிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை அவர் வழிக்கு ஒதுக்கினால்கூட நான் மகிழ்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் இப்போது எல்லாரும் ஜிபே செய்துவிடுகிறார்கள். பணம் வந்ததைப் பெட்டி சத்தமாகச் சொல்லிவிடுகிறது. மீதி எண்ணிக் கொடுக்கும் காட்சி பிள்ளைகளின் கண்ணிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. தொடக்கத்தில் என்னிடம் வந்த பிள்ளைகளுக்குச் சில்லறை மாற்றுவது புரிந்த வேகத்தில் இப்போது வருகிற சின்னப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. ஆகவே எந்த ஊரிலோ உட்கார்ந்து ஒருமுறை எழுதிவைத்த "உள்ளூர் எடுத்துக்காட்டு" எல்லா ஆண்டுக்கும் போதாது. ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்கும் விதமும் முக்கியம். "உங்க அம்மா மீன்தானே விக்கிறாங்க, நீ சொல்லு" என்று நாற்பது பேர் நடுவில் கேட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரத் தயங்கும். "இந்த வாரம் யார் யார் என்னென்ன அளந்தீங்க, எண்ணினீங்க?" என்று பொதுவாகக் கேளுங்கள். ஒவ்வொன்றாக வரும்.

அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, செயல்பாடுகள் வழியே கற்பிக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், பாட்டும் விளையாட்டுமாக வகுப்பு மாறியிருக்கிறது. அந்தப் பயிற்சி நூல்களில் கணக்குப் பாடத்துக்கு ஒரு பக்கத்தை அச்சடிக்காமல் விடுங்கள். அதைப் பிள்ளைகளும் ஆசிரியரும் தங்கள் தெருக் கணக்கை வைத்து நிரப்பட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களை ஒருவருக்கொருவர் காட்டட்டும். ஆசிரியர்களுக்கு எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளத்தில் விவரம் பதிகிற வேலையே மூச்சுமுட்டுகிறது என்று எனக்குத் தெரியும். இதையும் இன்னொரு பதிவாக்கிப் படம் எடுத்து ஏற்றச் சொல்லிவிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கூட்டத்தில் கழிவறை, குடிநீர் பற்றிப் பேசி முடித்த பிறகு, உங்கள் வேலையில் என்ன கணக்கு வருகிறது என்று அவர்களிடமும் கேட்கலாம்.

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், ஒன்றை மட்டும் இந்தப் பருவத்திலேயே செய்ய முடியும். விடை சரியாக இருந்து, பிள்ளை தான் போட்ட வழியையும் எழுதிக் காட்டியிருந்தால், அது புத்தகத்தில் உள்ள முறையாக இல்லாவிட்டாலும் முழு மதிப்பெண் தர வேண்டும் என்று தொடக்கக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். தங்கள் நாளிதழ் வழியாக இந்த வேண்டுகோள் அவர்கள் பார்வைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்,
வியாசர்பாடி, சென்னை - 39