பொருளியல் படிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இறக்குமதி வரி குறைந்தால் உள்நாட்டுச் சந்தையில் போட்டி கூடுமா? ஆண்டு முழுக்க இந்த ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம்.

'கூடும், இதில் பேச என்ன இருக்கிறது' என்றுதான் முதல் கூட்டத்தில் பலரும் நினைத்தார்கள். கரும்பலகைக் கணக்கும் அதையே சொன்னது. ஒரு பொருளின் உலக விலை 100, வரி 40 சதவீதம் என்றால், தனிக்காட்டு ராஜாவாக இருக்கும் உள்நாட்டு உற்பத்தியாளர் 140 வரை விலை வைக்கலாம். அதைத் தாண்டினால் வெளிச்சரக்கு வந்துவிடும். வரி 10 சதவீதமானால் அந்த உச்சவரம்பு 110. சரக்கு வந்து இறங்கவே வேண்டாம், வரும் என்ற பயமே போதும். இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம் என்று அளவை வரையறுக்கும் கோட்டா முறையில் அந்தப் பயம் கிடையாது. ஒதுக்கிய அளவு தீர்ந்ததும் மறுபடி அவர் வைத்ததே விலை. பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1965-லேயே இந்த வேறுபாட்டை எழுதியிருக்கிறார்.

அப்புறம் சிலி நாட்டை எடுத்துக்கொண்டோம். 100 சதவீதத்தை மீறியிருந்த வரிகள் 1979-க்குள் பெரும்பாலும் சீராக 10 சதவீதமாகின. இறக்குமதியோடு மோதிய ஆலைகளின் உற்பத்தித்திறன் உயர்ந்தது. ஆனால் மூடப்பட்ட ஆலைகளும் நிறைய. 'அங்கே வேலை பார்த்தவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?' என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அன்று கூட்டம் முடிய வெகுநேரமாகிவிட்டது.

எங்களைக் குழப்பியது இந்திய அனுபவம். 1991-க்குப் பிறகு வரி இறங்கியது, விலையும் இறங்கியது. ஆனால் உற்பத்திச் செலவு அதைவிட வேகமாக இறங்கியதால் பல நிறுவனங்களின் லாப விகிதம் கூடிவிட்டது! போட்டி வந்தால் லாபம் சுருங்க வேண்டாமா? மூலப்பொருள், உதிரிபாகங்கள் மீதான வரியும் சேர்ந்து குறைந்ததுதான் காரணம். அதில் மிச்சமானதை அவர்கள் வாங்குபவருக்கு முழுதாகத் தரவில்லை.

இறக்குமதியாளரே ஒருவர்தான் என்றால் நிலைமை இன்னும் மோசம். வரியில் குறைந்த தொகை பெரும்பாலும் அவர் பைக்குத்தான் போகும். வரி விகிதத்தைப் பார்க்குமுன் விநியோகம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தலைவருக்கு இதில் உடன்பாடில்லை.

நாணய மதிப்புச் சரிவு வரிக்குறைப்பை எப்படி விழுங்கிவிடுகிறது என்ற தலைப்பு, பேச வேண்டியவர் வராததால் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டின் முதல் கூட்டம் அதற்குத்தான். பேச விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிடவும்.