அனுப்பியது நீங்கள்தானே? கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், பரிமாற்றப் படிப்புகளை மதிப்பிடும் குழுவினருக்கும் வணக்கம்.

என் விவரம் உங்களுக்குத் தெரியும். கோப்பு மூன்று முறை உங்கள் மேசைக்கு வந்து போயிருக்கிறது. அதனால் பழைய கதையை முதலிலிருந்து சொல்லாமல், கடைசியாக வந்த கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரே ஒரு தாள். அதில் ஐந்து வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் தங்கிப் படித்து நான் தேர்ச்சி பெற்ற ஐந்து பாடங்கள் அதில் இருக்கின்றன. இரண்டுக்கு எதிரே 'ஏற்கப்பட்டது'. மூன்றுக்கு எதிரே 'ஏற்கப்படவில்லை, பாடத்திட்டம் பொருந்தவில்லை'. முத்திரை சாய்ந்து விழுந்ததில் என் பெயரின் பாதி மறைந்துவிட்டது. ஆக, 30 கிரெடிட்டில் (பாடங்களில் தேர்ச்சி பெற்றால் பட்டக் கணக்கில் சேரும் புள்ளிகள்) 18 போயிற்று.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். புறப்படுவதற்கு முன் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாட ஒப்பந்தத்தில் உள்ள பாடங்களில் ஒரு மாணவர் தேர்ச்சி பெற்று வந்தால், அவற்றுக்கு முழு கிரெடிட் கொடுங்கள். வந்த பிறகு உட்கார்ந்து பொருத்தம் பார்க்காதீர்கள். என் மூன்று பாடங்களும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கீழே துறைத் தலைவரின் கையெழுத்து, அதற்குக் கீழே உங்கள் அலுவலகத்தின் கையெழுத்து, அதற்கும் கீழே தேதி.

மறுக்கப்பட்ட மூன்றில் ஒன்று நீரோட்ட அளவீடு. 'அலகு 3 இல்லை, வகுப்பறை நேரம் குறைவு' என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். குறிப்பு சரிதான், அலகு 3 அங்கே இல்லை. அந்தப் பாடத்துக்கு வகுப்பறையே பெரிதாகக் கிடையாது. வியாழக்கிழமைதோறும் காலையில் இடுப்பளவு ரப்பர் காலுறையை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி நிற்போம். கையில் கரன்ட் மீட்டர். (வீட்டுச் சுவரில் இருப்பது இல்லை, ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் கருவி.) ஆழம் குறைந்த இடத்தில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் கருவியை வைத்தால் அந்த இடத்தின் சராசரி வேகம் கிடைக்கும்; ஆழம் கூடினால் 0.2இலும் 0.8இலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இதை நான் இங்கேயே படித்திருந்தேன். ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆற்றில் இறங்கிய முதல் நாள், கருவியின் சுழலியில் பாசி சிக்கிக்கொண்டது. அளவு பூஜ்யம் என்று காட்டியது. தண்ணீரோ என் முழங்காலைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் நோட்டில் பூஜ்யம் என்றே எழுதினேன். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த பேராசிரியர், "உன் கால் என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி எந்த அலகில் வருகிறது என்று தெரியவில்லை. மூன்றாக இருக்க வாய்ப்பில்லை.

எங்கள் குழுவில் ஆறு பேர், நான்கு நாட்டுக்காரர்கள். ஒரே குறுக்குவெட்டை இரண்டு ஜோடிகள் அளந்தால் இரண்டு விடை வரும். இங்கேயாக இருந்தால் யாருடையது சரி என்று கேட்டு அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்போம். அங்கே ஏன் வேறுபட்டது என்று விளக்கி எழுதுவதற்குத்தான் மதிப்பெண். பேனா மை தண்ணீரில் கரையும் என்பதால் எல்லாம் பென்சிலில். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்துபோய். 'வெள்ளம்' என்ற ஒரு சொல்லை வைத்தே முதல் வாரம் முழுக்க வாதாடினோம். ஒருத்திக்கு வெள்ளம் என்றால் வயலில் வண்டல் படிவது. இன்னொருவனுக்கு அது இன்சூரன்ஸ் படிவம். மூன்றாமவன் தன் ஊர் ஆற்றில் தண்ணீரையே சில வருடங்களாகப் பார்த்ததில்லை. ஒரு சொல்லுக்குள் இத்தனை ஊர் இருக்கிறது என்பதை இங்கே உட்கார்ந்து எத்தனை செமஸ்டர் படித்தாலும் நான் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

சரி, திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். 18 கிரெடிட்டையும் மறுபடி எடுக்க வேண்டும் என்பதால், இப்போது ஜூனியர்களுடன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதே நீரோட்ட அளவீடு. போன மாதம் கரன்ட் மீட்டர் பற்றிய வகுப்பு. பாடம் எடுப்பவர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பலகையில் படம் வரைந்தார், கொஞ்சம் தயங்கினார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஆற்றில் இறங்கி அளந்தவள்தானே? வா, நீயே சொல்லு." எழுந்து போனேன். பாசி சிக்குவதையும், நிற்கிற கால் ஓட்டத்தைத் தடுத்து அளவைக் கெடுக்காமல் இருக்க எங்கே தள்ளி நிற்க வேண்டும் என்பதையும், கருவியைச் செங்குத்தாகப் பிடிப்பதையும் முக்கால் மணி நேரம் சொன்னேன். கைதட்டினார்கள். பிறகு இடத்துக்கு வந்து உட்கார்ந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டேன். பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'அரியர்' என்று இருந்தது.

ஐயா, அம்மா, இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. ஒரு பாடத்தை நடத்தத் தகுதி இருக்கிறவளுக்கு அதே பாடத்தைப் படித்து முடித்தவள் என்ற தகுதி மட்டும் எப்படி இல்லாமல் போனது?

இதெல்லாம் என் ஒருத்திக்குப் புதிதாக நேர்ந்ததும் இல்லை. இத்தாலியைச் சேர்ந்த சோபியா கொராடி என்ற மாணவி ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய், 1957-58இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கித் திரும்பினார். ரோமில் அவருடைய பல்கலைக்கழகம் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்தது. ஏதோ ஊர் சுற்றிவிட்டு வந்தவர் போல நடத்தப்பட்டார். அந்த அவமானத்தை அவர் விடவில்லை. பல வருடம் அமைச்சகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நடையாய் நடந்தார். 1987இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறந்ததற்கு அவர் உழைப்பு ஒரு முக்கியக் காரணம். முதல் வருடம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இன்றைக்கு அந்தத் திட்டத்தில் போய்வந்தவர்களைக் கணக்கிட்டால் பல லட்சங்களைத் தாண்டும். 'எராஸ்மஸின் அம்மா' என்றே அவரை அழைத்தார்கள். கவனியுங்கள், இத்தனைக்கும் தொடக்கம் ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் 'பொருந்தவில்லை' என்று சொன்னதுதான்.

வந்த பிறகு பொருத்தம் பார்க்கும் தொல்லை வேண்டாம் என்றுதான் 1989இல் ஐரோப்பாவில் கிரெடிட் மாற்று முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு வருடத்துக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்தது, ஆற்றில் நின்றது, இரவில் அறிக்கை எழுதியது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் சாய்ந்த முத்திரை அடித்த 18 கிரெடிட்டை இந்தக் கணக்கில் பார்த்தால், குறைந்தது 450 மணி நேரம். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு அங்கிருந்து உறையிட்டு முத்திரை வைத்து அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) சாட்சி. அந்த உறையை உங்கள் கவுன்டரில்தான் பிரித்தார்கள். பிரித்தவர் முதலில் பார்த்தது பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று. எதற்கு என்று கேட்டேன். "குறிப்பு எழுத இடம் வேணுமேம்மா" என்றார்.

1997இல் லிஸ்பனில் ஏற்பட்ட அங்கீகார உடன்படிக்கையை நம் குழுவில் யாராவது புரட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெளியே படித்ததை ஏற்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும். கணிசமான வேறுபாடு இருந்தால் மட்டும் மறுக்கலாம். அப்படி வேறுபாடு இருப்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு மறுக்கிறவர்களுடையது. சாரம் இவ்வளவுதான். யுனெஸ்கோ 2019இல் ஏற்றுக்கொண்ட உலகளாவிய உடன்படிக்கையும் இதே வழியில் போகிறது. அது 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அவை நம்மைக் கட்டுப்படுத்துமா என்பது வேறு பேச்சு. நியாயப்படி பார்த்தால், நிரூபிக்க வேண்டியது யார் என்ற கேள்வியைத்தான் கேட்கிறேன். இங்கே மூன்று மனு எழுதி, ஆறு இணைப்பு வைத்து, நிரூபித்துக்கொண்டிருப்பது நான்.

உங்கள் பயமும் புரியாமல் இல்லை. எளிதான பாடமாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஊர் சுற்றிவிட்டு மதிப்பெண்ணோடு வருகிறவர்களும் இருப்பார்கள். தடுக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கான நேரம் கையெழுத்துக்கு முன்னால். அப்போது பத்து நாள் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் துருவுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வேறு பாடம் எடுத்துக்கொள்கிறோம். கையெழுத்தும் போட்டு, பயணமும் அனுப்பி, படித்துத் தேர்ச்சியும் பெற்று வந்த பிறகு 'அலகு 3' என்றால் நாங்கள் எங்கே போவது? இங்கே நடத்துவது அச்சு அசலாக அங்கேயும் இருக்க வேண்டும் என்றால், இங்கேயே இருந்திருப்பேனே. இங்கே இல்லாததைப் படித்து வா என்றுதானே அனுப்பினீர்கள்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே வரத்தைக் கொடுத்ததும் நீங்கள்தான், மறித்துக்கொண்டு நிற்பதும் நீங்கள்தான்.

இந்த இடத்தில் சேர்க்கைக் கையேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்க வேண்டும். இந்த வருடக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் முழுப்பக்கத்துக்கு ஒரு படம். ஆற்றின் நடுவே ரப்பர் காலுறையோடு ஒரு பெண் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே, 'உலகமே உங்கள் வகுப்பறை'. அந்தப் பெண் நான்தான். எந்த வியாழக்கிழமை எடுத்த படம் என்பது வரைக்கும் தெரியும். பரிமாற்ற அலுவலகம் கேட்டது என்று நான்தான் அனுப்பிவைத்தேன். பாடம் பொருந்தவில்லை, படம் மட்டும் பொருந்திவிட்டது. குறைந்தபட்சம் படத்துக்காவது கிரெடிட் கொடுத்திருக்கிறீர்களா என்று ஓரத்தில் தேடினேன். அதுவும் இல்லை.

அப்புறம் அந்த 'சர்வதேச அனுபவச் சான்றிதழ்'. பத்து நாள் போய், நான்கு வளாகங்களின் முன்னால் நின்று குழுப்படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு விழா எடுத்துச் சான்றிதழ் தருகிறீர்கள். தாராளமாகத் தாருங்கள், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் வெளிநாட்டில் வாழ்வதைப் பற்றி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு என்ன தெரியுமா? தான் யார் என்ற தெளிவை ஒருவருக்குத் தருவது எத்தனை நாடு பார்த்தார் என்பதைவிட, எவ்வளவு காலம் அங்கே வாழ்ந்தார் என்பதுதானாம். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நான்காம் மாதம் வரைக்கும் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் திருத்தி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். ஒரு நாள் தப்பும் தவறுமாக, "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று சொன்னேன். பேராசிரியரிடம். வானம் இடிந்து விழவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "மேலே சொல்லு" என்றார். பத்து நாளில் திரும்பியிருந்தால் இது நடந்திருக்காது. இந்த மடலையும் நான் எழுதியிருக்கமாட்டேன். அந்த வகையில், நீங்கள் அனுப்பிவைத்ததன் பலனைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் தள்ளிப்போனதில் முதுகலைக்குக் கிடைத்த இடத்தை விட வேண்டியதாயிற்று. அதை நீங்கள் திருப்பித் தர முடியாது, கேட்கவும் இல்லை. இந்த மாதக் கடைசியில் அடுத்த பரிமாற்றத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஒரு ஜூனியர் விண்ணப்பப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "அக்கா, போகலாமா, வேண்டாமா?" போ என்று சொல்ல வாய் வந்தது. நெளிந்துபோன அந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். பிறகு உங்கள் கடிதத்தையும் காட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆகவே தயவுசெய்து, அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பாட ஒப்பந்தத்தில் உள்ளபடி படித்துத் தேர்ச்சி பெற்ற பாடங்களுக்கு முழு கிரெடிட். என் மூன்று பாடங்களுக்கும், இனி போகிறவர்கள் எல்லோருக்கும். விதிமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியும் மாதக் கடைசிக்குள் வந்தால், அந்தப் பாரம் பையிலிருந்து வெளியே வரும்.

இங்ஙனம்,
உங்கள் கையேட்டின் மூன்றாம் பக்கத்து மாணவி

பி.கு.: நம் ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கரன்ட் மீட்டர் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தாலே அதன் சுழலி இறுகிப்போயிருப்பது தெரிகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடும். சாவி கிடைத்தால் நானே செய்து தருகிறேன். அதற்கு கிரெடிட் எதுவும் வேண்டாம்.