சங்கரா

காசிமேடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக உன் போனை நான் எடுக்கவில்லை. நேரில் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

மார்ச் இரண்டாவது வாரம் என் கலாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அதனால்தான் எனக்கும் பேனா பிடிக்க மனசு வந்தது.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். விடியற்காலை மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது, "கை மரத்துப்போச்சு"ன்னாள். பேச்சு குழறியது, வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி உண்டாம். பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் போடுவார்களாம். டாக்டர் திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. ரத்த அழுத்த மாத்திரையைப் பொங்கலோடு அவள் நிறுத்தியிருக்கிறாள், "நல்லாத்தானே இருக்கேன்" என்று. அதையும் நான் கவனிக்கவில்லை.

அப்புறம், நீ தினமும் காலையில் அனுப்பும் படங்கள். சூரியன், தாமரை, 'நல்லதே நினை, நல்லதே நடக்கும்'. உனக்கு விஷயம் தெரியாது, உன் மேல் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரிந்தது. நான் நல்லது நினைக்காததால்தான் இவளுக்கு வாய் வரவில்லையா? அந்தக் கோபத்தில்தான் போனைத் திருப்பி வைத்தேன். உன்னிடம் மறைக்க இஷ்டமில்லை.

ஏப்ரல் 15 வந்தது, தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. என் வேலை உனக்குத் தெரியுமே, படகு நிற்கிற நாளில்தான் எனக்கு இன்ஜின் வேலை. எல்லாப் படகும் பெயின்ட் வாசனையோடு வரிசையாக நிற்க, நடுவில் உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருப்பேன். இவற்றுக்கு ஜூன் 14 ராத்திரி என்று ஒரு கெடு இருக்கிறது, கலாவுக்கு யார் கெடு சொல்வார்கள் என்று தோன்றும். கேட்டால், "முதல் மூணு மாசத்துல நல்ல முன்னேற்றம் தெரியும், அப்புறமும் வரும், ஆனா மெதுவா" என்றார்கள். அந்த 'மெதுவா'வை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்தேன்.

இன்ஜினுக்கு எழுதுவேனே, எத்தனை மணி ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது என்று, அந்த நோட்டில் ஒருநாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி இவளைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். 'சுண்டு விரல் அசைந்தது.' 'இடது கையால் சோறு அள்ளினாள்.' பல நாள் வெறும் 'ஒன்றுமில்லை' என்றுதான் இருக்கும். பொய் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஒருமுறை ஒன்பது நாள் தொடர்ந்து 'ஒன்றுமில்லை'. பத்தாவது நாள், 'தானாக எழுந்து உட்கார்ந்தாள்.' தினமும் பக்கத்திலேயே இருந்தும் என் கண்ணுக்குப் படாத மாற்றம் நோட்டைத் திருப்பினால் தெரிந்தது. உன் தாமரைப் படம் செய்யாததை அந்த எண்ணெய்க் கறை நோட்டு செய்தது, சேகர்.

பேச்சுக் கதை தனி. ஒரு மாதம் சத்தமே இல்லை. பிறகு வந்த ஒரே வார்த்தை 'சங்கரா', அவள் விற்கும் மீனின் பேர். தண்ணீர் வேண்டுமென்றாலும் சங்கரா, மின்விசிறியைப் போடு என்றாலும் சங்கரா, என்னைத் திட்டுவதென்றாலும் சங்கராதான். ராகத்தை வைத்து நான் கண்டுபிடித்துக்கொள்வேன். பேச்சுப் பயிற்சி தரும் பெண், "ஒண்ணு ரெண்டு சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்துவைத்தாள். தன் பேரைச் சொல்ல வராதவள் இருபது வரை கடகடவென்று சொல்லிவிட்டாள்! யோசித்துப் பேசும் பேச்சு போனாலும், மனப்பாடமாகப் பதிந்த எண்ணிக்கையும் பாட்டும் சிலருக்குத் தங்கிவிடுமாம். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலத்தில் தெருப் பையன்களோடு கேரம். நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாளே, அதிலிருந்து இங்கே மூலைக்கு மூலை போர்டு. வலது விரலால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளினால் பாதியில் நின்றுவிடும். பையன்கள் சிரிப்பதில்லை, "அடுத்த ஆட்டம் உங்களுதுதான் அக்கா" என்பார்கள். நேற்று ஒரு வெள்ளைக் காய் குழியில் விழுந்தது.

தடை முடிந்து படகுகள் திரும்பிய பிறகு ஒரு ஞாயிறு ஆட்டோவில் ஏலத்துக்குக் கூட்டிப்போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு யாரும் மீனே வாங்காமல் போன நாட்களில் மறுவாரமே இட்லிக் கடை போட்டவள் அல்லவா, கூட்டத்தைக் கண்டால் தெம்பு வரும் என்று நினைத்தேன். பெண்கள் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். இவள் அழவில்லை. கூடையைப் பார்த்தாள், ஏலக்காரரைப் பார்த்தாள், "நூறு... நூத்தம்பது... எரநூறு" என்றாள். ஏலக்காரர் வாயை மூடிக்கொண்டு இவள் நிறுத்தும் வரை காத்திருந்தார். வாங்கியது நெத்திலி. வீட்டுக்கு வந்து அதையும் சங்கரா என்றாள்.

சரி, உனக்கு ஒரு வேலை. போன வருஷம் வந்தபோது உன் ரத்த அழுத்தம் 160. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? தங்கச்சியிடம் கேட்டு, அவள் கையெழுத்தில் எனக்கு எழுது. உன் வார்த்தையை நம்ப மாட்டேன், அந்த மூன்று ரூபாய் விஷயத்திலிருந்தே.

ஆடி முடிவதற்குள் இரண்டு பேரும் வாருங்கள். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் தண்டையார்பேட்டை வந்துவிடலாம், நீ ஓசூர் போகும்போது அது கிடையாது. மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வா, கலாவுக்கு அடையாளம் தெரியும். உன்னையும் சங்கரா என்றுதான் கூப்பிடுவாள். திரும்பிப் பார்.

உன்,
மணி