குமரேசனுக்கு, வெந்நீரில் போட்ட கல் பற்றி

பட்டர்வொர்த்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. முட்டி இப்போது பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. எப்படி விழுந்தாய் என்று கேட்டிருந்தாய். முப்பது வருடமாக ரோடு போடுகிறவன் ரோட்டுக் குழியில் விழுந்தேன், சிரித்துக்கொள். மார்க்கெட்டில் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு மோட்டாரில் வருகிறேன், மழை விட்டு அரை மணிதான் ஆகியிருக்கும், குழி நிறையத் தண்ணீர் நின்றதால் ரோடு சமமாகத் தெரிந்தது, முன்சக்கரம் இறங்கியதும் நான் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மண்ணைச் சரியாக இறுக்காமல் மேலே ஒரு பூச்சு தார் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று கேட்காதே, எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

சரி, வெடிப்பைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரோடு என்று உன் மகன் உனக்குக் காட்டிய வீடியோவுக்கு வருகிறேன். கண்ணுக்கே தெரியாத அளவுச் சாமானைக் கலந்து போடும் நானோ ரோடு வந்தால் உனக்கு வேலை இருக்காதாமே என்று நக்கலாக எழுதியிருந்தாய். இன்னும் எட்டு மாதத்தில் எனக்கு ஓய்வு, அதனால் பயமில்லாமல் சொல்கிறேன்: அதில் பாதி நிஜம்.

போன வருடம் ரோட்டுக்குத் தார் கலக்கும் எங்கள் பிளாண்டில் இருக்கும் சின்ன லேப்பில் ஒரு சோதனை செய்தார்கள். தார் பூசிய ஜல்லியை இரண்டு கண்ணாடிக் குவளையில் போட்டுப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்தார்கள், அவ்வளவுதான், முட்டை அவிப்பது மாதிரி. முதல் குவளையைத் தாளில் கொட்டினால் கல்லெல்லாம் அங்கங்கே மொட்டையாக, சாம்பல் நிறம் பல்லிளித்தது. இரண்டாவதில் ஒவ்வொரு கல்லும் கறுகறுவென்று அப்படியே இருந்தது. அதன் தாரில் மட்டும் ஒரு மருந்து கலந்திருந்தார்கள், எவ்வளவு தெரியுமா? ஒரு டன் தாருக்கு ஒரு கிலோ என்ற கணக்கு. லேப்பில் வேலை செய்யும் பெண் சொல்லித்தான் எனக்கே நம்பிக்கை வந்தது, இல்லாவிட்டால் யாரோ குவளையை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்திருப்பேன்.

விஷயம் இதுதான். இங்கே நாம் போடும் ஜல்லி பெரும்பாலும் கருங்கல், பினாங்குத் தீவே அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். மழைத் தண்ணீர் ஒரு வெடிப்பு வழியாக உள்ளே போனால், லோரிச் சக்கரம் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதை அழுத்தி அழுத்தித் தாருக்கும் கல்லுக்கும் நடுவில் நுழைக்கும், தார் உரிந்துவிடும், ஒரு கல் கிளம்பினால் பக்கத்துக் கல்லும் கிளம்பும், அப்புறம் குழி, அப்புறம் என் முட்டி. குவளையில் பார்த்த மருந்து சிலேன் வகை, சிலிக்கான் அடங்கிய ரசாயனம். அதன் ஒரு முனை கல்லின் மேற்பரப்போடு ரசாயனமாகவே பிணைந்துகொள்கிறது, மறுமுனை எண்ணெய்க் குணம் உள்ளது, தாரோடு சேரும். கல் தாமரை இலை மாதிரி ஆகிவிடுகிறது, தண்ணீர் ஒட்டுவதில்லை. குஜராத்தில் வடோதராவில் உள்ள ஸைடெக்ஸ் கம்பெனி இந்த வகையை ஸைக்கோதெர்ம் என்ற பெயரில் விற்கிறது. நம் தலைமுடி (உனக்கு மிச்சம் இருந்தால்) சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்), இங்கே நடக்கும் வேலையெல்லாம் ஒன்றிரண்டு நானோமீட்டரில்.

தாரில் நானோ சிலிக்காவும், அதாவது மணலில் இருக்கும் சிலிக்காவின் மிக நுண்ணிய பொடியையும், கலந்து பார்க்கிறார்கள், வெயிலில் தார் இளகிச் சக்கரத் தடம் பள்ளமாகிவிடாமல் இருக்க. அந்தச் சிலிக்காவை உமிச்சாம்பலில் இருந்தும் எடுக்கலாம். நம் பாட்டி பல் துலக்கிய உமிக்கரி ஞாபகம் இருக்கிறதா? அதன் உறவுக்காரன்தான்.

உன் மகன் காட்டியது, தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரோடு, ஹாலந்தில் 2010-ல் ஏ58 நெடுஞ்சாலையில் போட்டார்கள். அதில் நானோ ஒன்றும் இல்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போன்ற இரும்பு நாரைத் தாரில் கலந்து, மேலே ஒரு வண்டி காந்தப்புலத்தால் சூடேற்றினால் தார் இளகிச் சின்னச் சின்ன வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதாவது ரோடு தானாக எதுவும் செய்வதில்லை, யாராவது வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ரோமில் 2018-ல் ஒரு கிலோமீட்டருக்குக் கிராஃபீனும் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் ஏடு) கழிவுப் பிளாஸ்டிக்கும் கலந்து சோதனை போட்டார்கள், அது நிஜமாகவே நானோ. கார்பன் நானோகுழாய், அதாவது கார்பனால் ஆன நானோ அளவுக் குழாய், கலந்த கான்கிரீட்டில் பாரம் ஏறினால் அதன் மின்தடை மாறும், ரோடே தராசு மாதிரி வண்டியை எடைபோடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பயம். நீளமான, விறைப்பான நானோகுழாய்கள் எலிகளின் உடம்பில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியே நடந்துகொண்டதாக 2008-லேயே ஓர் ஆய்வு வந்தது. அந்தத் தூளைக் கலவையில் கொட்டப்போவது ஆராய்ச்சியாளர் இல்லை, முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நிற்கும் நம் பங்களாதேஷ் பையன்தான்.

செமினியில் ரோட்டில் போட்டிருந்த, ராத்திரியில் ஒளிரும் கோடுகளை நீ காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து குதித்தாயே, 2023-ல்! 245 மீட்டர். சதுர மீட்டருக்கு 749 வெள்ளி (ரிங்கிட்), சாதாரணக் கோட்டுக்கு 40 வெள்ளி. அடுத்த வருடமே செலவு தாங்காது என்று கைவிட்டுவிட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் ஒன்று சொன்னால் உனக்குப் பிடிக்கும். நம் மலேசியாவில் தாரோடு ரப்பரையும் கலந்து ரோடு போடுகிறார்கள், ரப்பர் மரத்தில் கட்டும் மங்கில் (கிண்ணத்தில்) உறைந்துபோன கட்டிப்பால் இருக்கிறதே, அதேதான். முதல் தடவை அந்தச் சாமான் பிளாண்டுக்கு வந்த அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள், நான் மட்டும் நின்றேன். அம்மா விடிகாலையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வரும்போது அவள் சட்டையில் இருக்கும் அதே வாடை. யாரிடம் சொல்வது, பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சின்னப் பையன்கள்.

எந்த மருந்தைக் கலந்தாலும் அடியில் மண் இறுகாவிட்டால், ஓரத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டால், மழை வருகிறது என்று அவசரத்தில் ஆறிப்போன கலவையை ரோலர் விட்டு நசுக்கினால், எல்லாம் வீண். நான் விழுந்த குழியில் நானோ போட்டிருந்தாலும் விழுந்திருப்பேன். லேப்பில் இதைச் சொன்னேன், அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த குவளையை அடுப்பில் வைத்தாள்.

தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? தண்ணீர்மலைக்கு இந்த முறை நடக்க முட்டி விடுமா தெரியவில்லை, ஆனால் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம். அந்த இரண்டு குவளைக் கல்லையும் ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறேன். மல்லிகா துடைக்கும்போதெல்லாம் தூக்கி எறியட்டுமா என்கிறாள். உன் மகனிடம் காட்டிவிட்டு எறியலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவனையும் கூட்டிக்கொண்டு வா.

உன்,
மாரி