மலைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள நிலா,

இங்கே எல்லோரும் நலம். அக்னி நட்சத்திரம் முடிந்தும் கடலூரில் வெயில் இறங்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறி வந்தால்தான் வீட்டுக்குள் உட்கார முடிகிறது. உனக்கு அங்கே மூனிக்கில் இப்போதுதான் கோடை. ஆல்ப்ஸ் மலைக்கு நடக்கப் போகிறேன், ரயிலில் படிக்க ஏதாவது சொல்லும்மா என்று கேட்டிருந்தாய். மனசு நிறைந்துவிட்டது. பெயர்களை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் படிக்க வேண்டும் என்பதை எழுதினால்தான் எனக்குத் திருப்தி. உன் தோழியின் அம்மா அடுத்த வாரம் அங்கே கிளம்புகிறார். அவர் பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம் போனார், எவ்வளவு உயரம் ஏறினார் என்பதற்காக நான் ஒரு பயண நூலை எடுப்பதில்லை. எழுதியவர் காலடியில் கிடந்ததைப் பார்த்தாரா என்றுதான் தேடுவேன். நீ அனுப்பும் படங்களோடு எப்போதும் ஒரு கிலோமீட்டர் கணக்கு வருகிறது. அந்த வழியில் என்ன மரம், என்ன பறவை என்று கேட்டால் ‘தெரியலைம்மா’ என்கிறாய். சின்ன வயதில் நீ அப்படி இல்லை. பிச்சாவரத்தில் படகில் போனபோது, சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் மாதிரித் தொங்கியதைப் பார்த்து, இது காயா வேரா என்று படகுக்காரரைத் துளைத்து எடுத்தாய். விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீண்டு, அப்புறம்தான் சேற்றில் விழுந்து ஊன்றும் என்று அவர் சொன்னார். ஒன்று விழுகிற வரைக்கும் படகை நகர்த்தக் கூடாது என்று அடம்பிடித்தாய். அந்தக் கண் உனக்குள் இன்னும் இருக்கிறது என்று நம்பித்தான் இந்தப் புத்தகங்களை எடுத்து வைத்தேன்.

முதலில் மா. கிருஷ்ணனைப் படி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் கண் மூடும் வரை எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். சின்னச் சின்னக் கட்டுரைகள், ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒன்றை முடித்துவிடலாம். நாம் தினமும் தாண்டிப் போகிற உயிர்களை அவர் நின்று பார்க்கிறார். தமிழில் இவ்வளவு துல்லியமாக எழுத முடியுமா என்று இருக்கும்.

அடுத்தது சிலப்பதிகாரம். முகம் சுளிக்காதே. முழுவதும் வேண்டாம், நாடுகாண் காதை மட்டும் போதும். உரையோடு உள்ள பதிப்பை அனுப்புகிறேன். புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிற கண்ணகிக்கும் கோவலனுக்கும், உடன் வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் வழியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் இடம் அது. தோப்பு வழியாகப் போனால், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிகளைச் செண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், தெரியாமல் கால் வைத்துவிடுவீர்கள். குழிக்கு ஒதுங்கினால் பழுத்துத் தொங்கும் பலா முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் இடத்தில் பலாக்கொட்டை பரல் மாதிரிக் காலில் குத்தும். வயல் வழியாகப் போனாலோ, நீர்நாய் கவ்விய வாளைமீன் திமிறித் துள்ளும், இந்தப் பெண் மிரண்டு போவாள். கரையோரம் நண்டும் நத்தையும் கிடக்கும், மிதித்துவிட்டால் அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது. பண்ருட்டிப் பலா தின்று வளர்ந்தவள் நீ, அந்தக் கொட்டை காலில் குத்துவது எப்படி என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடந்து பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். நான் இதை எத்தனை முறை படித்தாலும் அலுக்கவில்லை.

கடல் வேண்டுமென்றால் தோர் ஹெயர்தாலின் ‘கோன்-டிக்கி’. 1947இல் ஆறு பேர், ஒன்பது பால்சா கட்டைகளைச் சணல் கயிற்றால் கட்டிய மிதவையில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாள் கழித்துப் பாலினீசியத் தீவுகளில் கரை சேர்ந்தார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கயிறு தேய்ந்து அறுந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நடந்தது என்னவென்றால், கயிறு அந்த மென்மையான கட்டைக்குள் அழுந்திப் பதிந்துகொண்டது, தேயவே இல்லை. ஏறி வந்த தண்ணீரும் கட்டைகளின் இடுக்கு வழியாகவே வடிந்துவிட்டது. தேவனாம்பட்டினத்துக் கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தென் அமெரிக்காவிலிருந்துதான் பாலினீசியாவில் மக்கள் குடியேறினார்கள் என்று அவர் சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அவர்களுடைய முன்னோர்கள் ஆசியப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் உறுதியாகக் காட்டிவிட்டன. பயணம் உண்மை, அது போதும்.

ஜிம் கார்பெட்டின் ‘குமாயுன் புலிகள்’ தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் நன்றாக இருக்கிறது. புலி ஏன் ஆட்கொல்லி ஆகிறது என்று அவர் காரணம் தேடுகிற இடங்களை விடாதே. முள்ளம்பன்றி முள் தைத்து ஒரு கண்ணையும் இழந்த முக்தேசர்ப் புலியின் கதையைப் படித்தால் பயத்தைவிடப் பரிதாபம்தான் மிஞ்சும். ஆற்றோடு போக ஆசை வந்தால் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இருக்கிறது. நம் பாவேந்தரின் ‘அழகின் சிரிப்பு’ ஒல்லியான புத்தகம், சட்டைப்பையில் வைத்துக்கொள்.

பீட்டர் மாத்தியசனின் ‘தி ஸ்னோ லெப்பர்ட்’ அங்கேயே கிடைக்கும், வாங்கிக்கொள். 1973இல் ஜார்ஜ் ஷாலரோடு நேபாளத்து டோல்போ பகுதிக்கு நடந்தவர். ஷாலர் போனது நீல ஆடுகளைப் பற்றி ஆராய, இவருக்குப் பனிச்சிறுத்தையைக் காணும் ஆசை. கடைசிவரை காணவில்லை. மனைவி புற்றுநோயில் இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, தாயில்லாத எட்டு வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடம் வரும்போது எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் உன்னைப் படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் அதை மறைக்கவில்லை. படித்துவிட்டு நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. போனில் வேண்டாம், எழுது.

மலையில் கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்குமாம். சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்கிவிடு. பெட்டியில் முந்திரி வறுத்து வைத்திருக்கிறேன், நடக்கும்போது கையில் வைத்துக்கொள். மற்ற புத்தகங்களை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. கிருஷ்ணனை மட்டும் இரவல் கொடுக்காதே. ஓரமெல்லாம் நான் எழுதி வைத்த குறிப்புகள் இருக்கின்றன, நம் வீட்டு வேப்பமரத்துக்கு வந்த பறவைகள் உட்பட. மிச்ச ஓரத்தில் நீ பார்த்ததை எழுது.

அன்புடன்,
அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்