மணிக்கு ஒரு சென்ரிமீற்றர்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் வட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்பிக் காலை வணக்கம் சொல்கிற காலத்தில் நீ ஒருத்திதான் இன்னும் முத்திரை ஒட்டி எழுதுகிறாய். முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது நிம்மதி. படி ஏறி இறங்காதே. உடுப்புத் தோய்க்கிற மெஷின் கீழ்வீட்டில் இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே, மருமகன் போய்ப் போடட்டும்.

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டுவிட்டார்கள். மூலைக் கிணற்றை மூடவில்லை, ஆனால் அதில் யாரும் தண்ணீர் அள்ளுவதுமில்லை. மகளுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்திருக்கிறது. வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு திரும்புகிறாள். பேரன் என்னோடுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "பென்ஷன் எடுத்த பிறகும் தேசப்படத்தை விடவில்லையாமே, துணியில் தைக்கிறாயாமே" என்று எழுதியிருந்தாய். உன் தங்கை சொல்லியிருப்பாள். உண்மைதான். இத்தனை வருடமும் பிள்ளைகளுக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளை விரித்துவைத்து, இது மதவு, இது கோயில், இது பனங்காணி என்று குறி சொல்லிக் கொடுத்தவள் நான். யாழ்ப்பாணத் தாளில் சமவுயரக் கோட்டுக்கு வேலையே இல்லை. எங்கள் பிள்ளைகள் மலையைக் கண்ணால் காணாமலே மலைக் கேள்விக்கெல்லாம் விடை எழுதிப் பாஸ் பண்ணினார்கள், பாவங்கள். அந்தத் தாளில் இருப்பது எல்லாருக்கும் பொதுவான றோட்டு. ஒரு ஆள், ஒரு குடும்பம், எந்த வழியால் எப்படிப் போனது என்பதைத்தான் இப்போது தைத்துப் பார்க்கிறேன்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. 'ஓப்பன் ஸ்ட்ரீட் மப்' என்று இன்ரர்நெற்றில் ஒரு தேசப்படம் இருக்கிறது. 2004இல் தொடங்கியது. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் சும்மா உட்கார்ந்து வரைந்து சேர்த்தது, எவரும் இலவசமாக எடுக்கலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று போட்டால் போதும். நம்முடைய ஒழுங்கைகள்கூட அதில் இருக்கின்றன! பேரன் குடாநாட்டின் கரையை மட்டும் பிரின்ட் எடுத்துத் தருவான். காடாத்துணியை முதலில் ஊறப்போட்டுக் காயவைத்து அயன் பண்ணவேண்டும், இல்லாவிட்டால் பிறகு துணி சுருங்கிப் பருத்தித்துறை இழுபட்டு நெல்லியடிக்கு வந்துவிடும். அதன்மேல் காபன் வைத்துக் கரையைப் பதித்து, மண்ணிற நூலால் சங்கிலித் தையல். கடலேரிக்கு மட்டும் நூல் போடவில்லை. பாசையூரில் கழித்துவிட்ட வலைத்துண்டு ஒன்று வாங்கி வந்து, கழுவி, வெட்டி வைத்துத் தைத்தேன். எத்தனை முறை கழுவினாலும் கொஞ்சம் மணக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

எனக்குப் பிரச்சினை தந்தது அளவுத்திட்டம். குடாநாடு முழுவதும் ஒரு துணிக்குள் வரவேண்டுமென்றால் ஒரு சென்ரிமீற்றருக்கு இரண்டரைக் கிலோமீற்றர் என்று வைக்கவேண்டும். அந்தக் கணக்கில் உன் ரொறன்ரோவையும் சேர்ப்பதென்றால் 50 மீற்றருக்கு மேல் துணி வேண்டும், மடித்து வைக்க அலுமாரி காணாது. அதுகூடப் பரவாயில்லை. அதே கணக்கில் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் கோண்டாவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் வரை போன வழி நாலு சென்ரிமீற்றர் வருகிறது. அவ்வளவுதான். என் சுண்டுவிரல் நீளமும் இல்லை.

அந்த இரவை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீயும் அந்தச் சனத்துக்குள்தான் எங்கேயோ நின்றாய். பொழுதுபட வெளிக்கிட்டோம். கல்வியங்காட்டைத் தாண்டிச் செம்மணி வெளிக்கு வந்த பிறகு ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்கு நிற்கவேண்டும். மேலே மழை, இரண்டு பக்கமும் தண்ணீர், முன்னாலும் பின்னாலும் வலிகாமத்துச் சனம் முழுவதும். சைக்கிள் கரியரில் அம்மம்மா, ஹாண்டிலில் அரிசிப் பை. நாங்கள் பாலத்தைக் கடந்தபோது விடிந்து வெயில் ஏறிவிட்டது. அதை நாலு சென்ரிமீற்றருக்குள் போட்டால் அந்தப் படம் பொய். நில அளவையாளரைக் கேட்டால் சரி என்பார், நான் ஒப்பமாட்டேன்.

அதனால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நிலம் நிலத்தின் அளவிலேயே இருக்கட்டும், நூலின் நீளம் மட்டும் நேரத்தின் கணக்கில். மணிக்கு ஒரு சென்ரிமீற்றர். அப்படிப் பார்த்தால் அந்த இரவுக்கு 14 சென்ரிமீற்றர் நூல், நாலு சென்ரிமீற்றர் இடத்துக்குள் போகவேண்டும். மிஞ்சியது எங்கே போகும்? செம்மணி வெளியில் நெளிந்து, சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. சின்னத் தையலால் அதை அப்படியே அமர்த்திவிட்டேன். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தடித்திருக்கும். செம்மணி என்ற பெயருக்கு அந்தப் புதைகுழிகளின் பாரமும் இருக்கிறது. அதைத் துணியில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. இப்போது வாகனத்தில் போனால் அதே பாலத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை, அதாவது அரைச் சென்ரிமீற்றர் நூல்தான். நாலு சென்ரிமீற்றர் தூரத்துக்கு அது எட்டாது. அதனால் இன்றைய பயணத்தைப் புள்ளி புள்ளியாகத்தான் போடமுடிகிறது. அந்தச் சுருட்டலுக்குப் பக்கத்தில் நாலைந்து புள்ளி. பேரனுக்கு இது ஒன்றுதான் உடனே விளங்கியது.

அப்புறம் இழைக் கணக்கு. நீ படம் பார்த்திருப்பாய், மினார் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் 1869இல் வரைந்தது. நெப்போலியன் 1812இல் ரஷ்யாவுக்குப் படை கொண்டு போனதை ஒரே பட்டையாகக் காட்டியிருப்பார். பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீற்றர் அகலம். புறப்படும்போது 4,22,000 பேர், பட்டை தடிப்பாக இருக்கும். மொஸ்கோ போய்த் திரும்பி வரும்போது 10,000, வெறும் நூல். வகுப்பில் அதைக் காட்டிய காலத்தில் எனக்கு அது புள்ளிவிபரப் பாடம். எம்பிராய்டரி நூலைக் கையில் எடுத்தபோதுதான் இதைச் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. அந்த நூலில் ஆறு இழை இருக்கும், வேண்டியபடி பிரிக்கலாம். ஆளுக்கு ஓர் இழை.

நாங்கள் ஏழு பேர். ஆறு இழைதான் இருக்கிறது என்பதால் அம்மம்மாவுக்கு மஞ்சளில் ஓர் இழை தனியாகச் சேர்த்தேன். கோண்டாவிலில் இருந்து கொடிகாமம் வரை ஏழும் ஒன்றாக, ஊசிக்குள் நுழையவே கஷ்டப்படுத்திக்கொண்டு போகின்றன. கொடிகாமத்தில் அண்ணை குடும்பம் கிளாலிப் பக்கம் பிரிந்தது. மூன்று இழை அங்கே திரும்பி, வலைத்துண்டின் மேலாக வன்னிக்குப் போகிறது. மிச்ச நாலு பேரும் மட்டுவிலுக்குத் திரும்பிப் போய், பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, 1996 சித்திரையில் வீட்டுக்கு வந்தோம் என்று சொல்லத்தான் ஆசை. மூன்று பேர்தான் வந்தோம். அம்மம்மாவின் மஞ்சள் இழை மட்டுவிலோடு நிற்கிறது. துணியைத் திருப்பிப் பின்பக்கம் முடிச்சுப் போட்டு வெட்டிவிட்டேன்.

ஒழுங்கையில் செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் நெடுந்தீவு ஆள், குமுதினிப் படகில் ஏறி ஏறியே முதுமையானவர். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுத் தந்தேன். ஏற்கவில்லை. "ரீச்சர், சோளகத்தில் போறதும் பங்குனியில் போறதும் ஒரே வழியோ?" என்று கேட்டார். நியாயம்தானே. பங்குனியில் கடல் தட்டையாக இருக்கும், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் படகு அலையைப் பார்த்துப் பார்த்துத்தான் போகும், சில நாளில் போகாது. அவருக்குக் கடல் என்பது இடமில்லை, காற்று. கடைசியில் இரண்டு நூல் போட்டோம், சோளகத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று.

பசிபிக்கில் மார்ஷல் தீவுக்காரர் தேசப்படமே ஈர்க்கில்தான் செய்தார்கள் என்று அவருக்குச் சொன்னேன். தென்னோலை ஈர்க்கைக் கட்டி, தீவு இருக்கிற இடத்தில் சிப்பி வைப்பார்கள். வளைந்த ஈர்க்கு, தீவில் மோதி அலை எப்படித் திரும்புகிறது என்பதைக் காட்டும். கரையில் இருந்து அதை மனப்பாடம் பண்ணிவிட்டு, படத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போவார்களாம். "அவங்கள் சரியான ஆக்கள்" என்றார். அடுத்த கிழமை ஒரு பிடி ஈர்க்கோடு வந்து நிற்கிறார்! அவருடைய படம் இப்போது பாதி துணி, பாதி ஈர்க்கு.

இதெல்லாம் புதிது என்று நினைக்காதே. லாவோசில் இருந்து 1975க்குப் பிறகு ஓடிவந்த மொங் இனப் பெண்கள் மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் இருந்த காலத்தில் தங்கள் வழியை அப்படியே துணியில் தைத்தார்கள். கிராமம், விமானம், ஆறு, ஆற்றில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நீந்துகிற ஆட்கள், கடைசியில் முகாம். அதை விற்றுச் சீவியமும் நடத்தினார்கள். நான் விற்கிற மாதிரி இல்லை. ஒரு பொடியன் வந்து, வெளிநாட்டு ஆட்கள் நல்ல விலை தருவார்கள், ஊரின்மேல் ஒரு சிவப்பு இதயம் போட்டுத் தைத்துத் தாங்கோ என்றான். கல்யாணப் பரிசாம். கோண்டாவிலுக்கு மேல் இதயம் போடுகிற அளவுக்கு எனக்கு இன்னும் மூளை பழுதாகவில்லை.

இப்போது உன் பங்கு. உன்னுடைய வழியைத் தைக்க எனக்கு ஆசை, ஆனால் என் சட்டம் உன்னிடம் வந்து உடைகிறது. கொழும்பில் விமானம் ஏறி ரொறன்ரோவில் இறங்கியது எப்படிப் பார்த்தாலும் 20 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். அதைத் துணியின் கரையால் வெளியே விட்டு, உன் பக்கத்துக்கு வேறொரு சின்னத் துணி வைத்துக் கோக்கலாம். அதற்கு முன் நீ காத்திருந்த காலத்தை என்ன செய்வது? வவுனியாவில் கொழும்புக்குப் போகிற அனுமதிப் பாஸுக்கு, கொட்டாஞ்சேனை லொட்ஜில் விசாவுக்கு. மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று போட்டால் ஒரு நாளைக்கே 24, ஒரு மாதத்துக்கு ஏழு மீற்றர். அவ்வளவு நூலையும் ஒரே இடத்தில் அமர்த்தினால் கொழும்பு பந்தாகிவிடும். நான் நினைப்பது, நகர்ந்தால் நூல், நகராவிட்டால் முடிச்சு. கிழமைக்கு ஒரு பிரெஞ்சு முடிச்சு. கொட்டாஞ்சேனையில் முடிச்சு முடிச்சாக நிறைந்திருக்கும், பார்க்கிறவர்களுக்குப் புரியும். உனக்கு இது சரியாகப் படுகிறதா? இல்லை, அந்த நாட்களையே விட்டுவிடு என்றால் விட்டுவிடுகிறேன். சிலர் அப்படித்தான் கேட்கிறார்கள், நானும் ஏன் என்று கேட்பதில்லை.

எனக்குத் தேவையானதை எழுது. கிளாலியில் எப்போது படகு ஏறினீர்கள், அக்கரையில் எங்கே இறங்கினீர்கள், வவுனியாவில் எத்தனை கிழமை, லொட்ஜில் எத்தனை கிழமை. எந்தெந்தத் துண்டில் யார் யார் கூட இருந்தார்கள். இது முக்கியம், இழை எண்ண வேண்டும். மாமியை மறந்துவிடாதே. அவ வவுனியா வரை உன்னோடு வந்தவ, கொழும்புக்கு வரவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

நூலின் நிறம் உன் விருப்பம். கடும் சிவப்பு மட்டும் வேண்டாம், தண்ணீர் பட்டால் சாயம் விடும். அங்கே அமிலம் சேராத மவுண்ட் மட்டை கிடைத்தால் இரண்டு தாள் கொண்டு வா. பிரேம் போடும்போது கண்ணாடி துணியில் முட்டக்கூடாது, இந்தக் காற்று ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதென்றால் டிக்கெற் போடமுன் சொல்லு. கொடியேற்றத்துக்கு வருகிறாயா, தேருக்கா? தேருக்கென்றால் வீட்டில் ஆள் நிறைய, உனக்கு முன் அறையை இப்போதே பிடித்து வைக்கவேண்டும்.

அன்புடன்,
மல்லிகா